அரசாங்கப் பணம் எங்கே போய் நின்றது?

ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் தாக்கலாகும் அன்று மாலை மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் எங்கள் பட்டர்வொர்த் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும்: "நம்மவங்களுக்கு எவ்வளவு?" இந்தியச் சமூக மேம்பாட்டுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவுக்கு 100 மில்லியன் ரிங்கிட் என்பார் ஒருவர். போதாது என்பார் இன்னொருவர். தமிழ்ப்பள்ளிகளுக்கு எவ்வளவு, தொழில் கடனுக்கு எவ்வளவு என்று நள்ளிரவு வரை பேச்சு நீளும். போன ஆண்டு கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பார்களா என்று நானும் பார்த்துக்கொண்டே இருப்பேன். அபூர்வமாகத்தான் அந்தக் கேள்வி வரும்.

அரசாங்கக் கணக்காய்வில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலம் முழுக்க அந்த இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது, கற்றுக்கொள்ளக்கூடிய முறைதான். நம் சமூகத்தில் பத்துப் பேர் கற்றுக்கொண்டாலும், நம் பெயரைச் சொல்லி ஒதுக்கப்படும் பணத்துக்குப் பெரிய பாதுகாப்பு என்று நம்புகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கணக்காய்வு என்றால் கூட்டல் கழித்தல் சரிபார்ப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பகுதி. நிதி அறிக்கை உண்மையானதா என்று சான்று கொடுப்பது முதல் வகை. சட்டத்தையும் கருவூல விதிகளையும் பின்பற்றினார்களா என்று பார்ப்பது அடுத்தது. கொடுத்த காசுக்கு உரிய பயன் கிடைத்ததா என்று பார்ப்பது இன்னொன்று. செயல்திறன் கணக்காய்வு என்பார்கள். 1957ஆம் ஆண்டு கணக்காய்வுச் சட்டத்தில் 1978இல் வந்த திருத்தம்தான் இந்த வேலைக்கு வலு கொடுத்தது. இதில் மூன்று கேள்விகள். வாங்கிய விலை நியாயமா? வாங்கியதை வீணாக்காமல் பயன்படுத்தினார்களா? எதற்காக வாங்கினார்களோ அந்தக் காரியம் நடந்ததா?

முதல் கேள்விதான் செய்தியாகும். தேசியத் தலைமைக் கணக்காய்வாளரின் 2006ஆம் ஆண்டு அறிக்கையைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். இளைஞர் திறன் பயிற்சிக் கழகங்களுக்கு, 40 ரிங்கிட் மதிப்புள்ள ஸ்குரூடிரைவர் செட்டை 224 ரிங்கிட்டுக்கு வாங்கியிருந்தார்கள். காப்பிக்கடைகளில் மாதக் கணக்கில் அதே பேச்சு. கோபம் நியாயமானதுதான். ஆனால் என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய இழப்பு ஓசையே இல்லாமல் நடக்கும். சரியான விலைக்கு, சரியான டெண்டரில், எல்லாக் கையெழுத்தும் போட்டு வாங்கிய பொருள் ஒருவருக்கும் பயன்படாமல் கிடக்கும். அதைப் பற்றி எந்தக் காப்பிக்கடையிலும் பேச மாட்டார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தனித்து வாழும் தாய்மார்களுக்குத் தையல் பயிற்சி தர ஓர் அரசு அமைப்பு இயந்திரங்கள் வாங்கியிருந்தது. பைலைப் புரட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தை விலைதான். எல்.ஓ. என்கிற கொள்முதல் ஆணை, டி.ஓ. என்கிற பொருள் ஒப்படைப்புச் சீட்டு, இன்வாய்ஸ் எல்லாம் வரிசையாக இருந்தன. பயிற்சி நடந்ததற்குப் படங்களும் இருந்தன. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பார்த்திருந்தால் அந்தப் பைலுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்திருப்போம்.

மண்டபத்துக்குப் போனோம். இயந்திரங்கள் பிளாஸ்டிக் உறை கழற்றாமல் சுவரோரம் நின்றன. பொறுப்பாளர் ஏதேதோ விளக்கம் சொன்னார். அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். "இதெல்லாம் ஓடாதும்மா. பெக்டரியில ஓட்டுற மெசினு. இங்க உள்ள கரண்டு பத்தாதாம். வொயர்மேன் வந்து பாத்துட்டுப் போனாரு, அதோட சரி" என்றார். விசாரித்தால் அவர் சொன்னது அப்படியே உண்மை. ஆடைத் தொழிற்சாலைக்கான திரீ பேஸ் மோட்டார் வைத்த இயந்திரங்கள் அவை. மண்டபத்தில் இருந்ததோ சாதாரண சிங்கிள் பேஸ் இணைப்பு. வேறெங்கோ போட்ட டெண்டரின் விவரக்குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். படங்களில் இருந்த பெண்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்னத் தையல் மெசின்களில்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் படத்திலேயே அது தெரிந்தது.

ஒருவரும் ஒரு காசு திருடவில்லை. ஆனால் அந்தத் தாய்மார்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்றுமில்லை. ஊழல் இல்லை என்றாலே பணம் நல்லபடியாகச் செலவாகிவிட்டது என்று எண்ணுவது எவ்வளவு ஆபத்து என்று அன்று முழுமையாகப் புரிந்தது. மித்ராவின் மானியங்களை 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்கத் தொடங்கியபோதும் எனக்கு இதே எண்ணம்தான். குற்றம் நடந்ததா என்று கண்டுபிடிப்பது அந்த விசாரணையின் வேலை. மானியம் பெற்ற பயிற்சியால் ஒரு குடும்பத்தின் வருமானம் உயர்ந்ததா என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேறு வகை ஆய்வு வேண்டும். அதை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

ஆய்வுக்குப் போகும் இளையவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எந்த இடத்தைப் பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்பதுதான். ஆய்வு செய்யப்படும் அலுவலகம் எப்போதும் ஒரு பட்டியலோடு வரும். அதில் உள்ள இடங்கள் பளிச்சென்று இருக்கும். பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லுங்கள், முழுப் பதிவேட்டிலிருந்து நீங்களாக வேறு சில இடங்களை எடுங்கள். அவர்களுடைய வண்டியில் ஏறாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு நாசி கண்டார் கடையில் மேசை போட்டு வைத்திருப்பார்கள். மரியாதையாக மறுத்துவிட்டு நீங்கள் தனியே சாப்பிடுங்கள். ஒரு தட்டுச் சோற்றுக்கு யாரும் விலைபோய்விட மாட்டார்கள்தான். ஆனால் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு அன்று மதியமே "இந்த இயந்திரம் ஏன் ஓடவில்லை?" என்று கேட்க நாக்கு கூசும். அந்தக் கூச்சம் ஒருபோதும் அறிக்கையில் பதிவாகாது. கேட்காமல் விட்ட கேள்வியாகத்தான் அது அறிக்கைக்குள் இருக்கும். சுதந்திரமான கணக்காய்வு என்று அரசியலமைப்பில் எழுதியிருப்பது கடைசியில் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் நிற்கிறது அல்லது சரிகிறது.

அடுத்தது, பயன்படுத்துகிறவரைக் கேளுங்கள். கிளினிக் என்றால் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளி, சந்தை என்றால் காய்கறி விற்கும் அக்கா, பள்ளி என்றால் காவலாளி. பொறுப்பில் இருப்பவருக்குத் திட்டத்தின் பெயர் தெரியும். குழாயில் தண்ணீர் எப்போது நின்றது என்பது காவலாளிக்குத்தான் தெரியும். நான் தமிழிலும் மலாயிலும் கொஞ்சம் ஹொக்கியனிலும் பேசுவேன். பினாங்கில் இந்த மூன்றும் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும்.

பயிற்சித் திட்டங்களில் இது இன்னும் முக்கியம். பிறைப் பகுதியில் வெல்டிங் பயிற்சி முடித்த ஒரு தம்பியைத் தொலைபேசியில் பிடித்தேன். வருகைப் பட்டியலில் அவர் பெயர் எல்லா நாளும் இருந்தது. உண்மையிலேயே போயிருக்கிறார், கற்றும் இருக்கிறார். "சர்ட்டிபிகேட் இருக்கு மேடம். ஆனா பெக்டரியில எஸ்.கே.எம். இருக்கான்னு கேக்குறாங்க. இது அது இல்லியாம்" என்றார். மலேசியத் திறன் சான்றிதழோடு இணைக்கப்படாத பயிற்சி அது. அமைப்பின் ஆண்டறிக்கையிலோ அவர் 'பயிற்சி பெற்று வெற்றி கண்டவர்களில்' ஒருவர். தலைகளை எண்ணி வெற்றி என்று எழுதுவது சுலபம். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 100 பேருக்கு 300,000 ரிங்கிட் செலவு என்றால் தலைக்கு 3,000. கேட்க நியாயமாக இருக்கிறது. அவர்களில் 20 பேருக்கு மட்டும் வேலை கிடைத்திருந்தால் ஒரு வேலைக்கு ஆன செலவு 15,000. செலவு ஒன்றுதான், எதால் வகுக்கிறோம் என்பதில்தான் உண்மை வெளிவருகிறது. எந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் இந்த இரண்டாவது வகுத்தலைக் கேளுங்கள்.

காகிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காகிதத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். நான் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் தேதியைப் பார்ப்பேன். எல்.ஓ. போட்ட தேதிக்கு முன்னதாகவே இன்வாய்ஸ் தேதி இருந்தால், வேலையை முதலில் கொடுத்துவிட்டுக் காகிதத்தைப் பிறகு தயார் செய்திருக்கிறார்கள் என்று பொருள். மூன்று நிறுவனங்களின் கொட்டேஷனிலும் ஒரே எழுத்துப் பிழை இருந்தால், மூன்றையும் அடித்தது ஒரே கை. என் காலத்தில் 50,000 ரிங்கிட்டுக்கு மேல் போனால் கொட்டேஷன், 500,000 தாண்டினால் டெண்டர் என்பது விதி. அப்படியென்றால் ஒரே கடைக்கு ஒரே வாரத்தில் 49,000, 48,500 என்று வரிசையாக வவுச்சர் போயிருப்பதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார வேண்டும். டிசம்பர் மாத வவுச்சர்களைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆண்டு முடிவதற்குள் பணத்தைத் தீர்க்க வேண்டும் என்ற அவசரத்தில் வாங்கியவைதான் மறு ஆண்டு ஸ்டோரில் தூசி படிந்து கிடக்கும்.

ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்ததும் உடனே குற்றம் சுமத்திவிடக் கூடாது. எங்கள் துறையில் ஒவ்வொரு குறிப்புக்கும் நான்கு பகுதி உண்டு: எப்படி இருந்திருக்க வேண்டும், எப்படி இருக்கிறது, ஏன் அப்படி ஆயிற்று, அதனால் என்ன இழப்பு. பிறகு அதை அந்த அலுவலகத்துக்கே அனுப்பி எழுத்தில் பதில் வாங்குவோம். அந்தப் பதிலும் அறிக்கையில் வரும். இந்தக் கட்டத்தைச் சம்பிரதாயம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஒரு கட்டடம் ஓராண்டுக்கு மேல் தாமதமாகி, காலநீட்டிப்பு மேல் காலநீட்டிப்பு கொடுத்திருந்தார்கள். பார்த்ததும் குத்தகையாளர்மேல் சந்தேகம் வந்தது. தாமத அபராதத்தை ஏன் வசூலிக்கவில்லை என்று கேட்டோம். வந்த பதிலோடு மின்சாரக் கேபிளை இடம் மாற்றக் காத்திருந்த கடிதங்கள் கட்டாக இருந்தன. நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே இடத்தை ஒப்படைத்திருக்கிறார்கள். குறை திட்டமிடலில்தான், குத்தகையாளரிடம் அபராதம் கேட்டிருந்தால் அது அநியாயம். எதிர்த் தரப்பின் பதிலைக் கேட்டதால் அறிக்கை இன்னும் கூர்மையானது. வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் போட்டு "பாருங்க கொள்ளையை" என்று பரப்புவதற்கும் கணக்காய்வுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பரபரப்பு நாலு நாளில் அடங்கும். பதிலோடு வந்த குறிப்பை எந்த அமைச்சராலும் ஒதுக்க முடியாது.

இனி சட்டப் பாதுகாப்பு. அரசியலமைப்பின் 105ஆவது பிரிவின்படி பிரதமரின் ஆலோசனையில், ஆட்சியாளர்கள் மாநாட்டைக் கலந்துகொண்டு, மாமன்னர் தலைமைக் கணக்காய்வாளரை நியமிக்கிறார். கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு என்ன வழியோ அந்த வழியில்தான் அவரை நீக்க முடியும். ஆண்டுதோறும் ஓட்டெடுப்புக்குப் போகாத நிதியிலிருந்து அவருக்குச் சம்பளம் வருகிறது. பதவி முடிந்த பிறகு வேறு அரசுப் பதவி எதுவும் ஏற்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. நாளைக்கு ஒரு நாற்காலி கிடைக்கும் என்று இன்றைக்கு யாரையும் மகிழ்விக்க வேண்டியதில்லை. 107ஆவது பிரிவு, அறிக்கை மாமன்னருக்குப் போய் மக்களவையில் வைக்கப்பட வேண்டும் என்கிறது. மாநிலக் கணக்கு என்றால் மாநில ஆட்சியாளர் அல்லது ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும்.

எழுத்தில் இவ்வளவு இருந்தும், 1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனத்தைப் பற்றிய கணக்காய்வு அறிக்கைக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2016 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போன அந்த அறிக்கை அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் வைக்கப்பட்டது. ஆட்சி மாறி 2018 மே மாதத்தில்தான் இரகசியம் நீங்கியது. அதற்கு முன் அறிக்கையிலிருந்து சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. அழிக்கச் சொன்ன பழைய பிரதிகளில் ஒன்றை எங்கள் துறை அதிகாரி ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருந்ததாகப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்தத் திருத்தம் தொடர்பான வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2023 மார்ச்சில் விடுதலையானார்கள், சட்டப்படி அது முடிவு. ஆனால் ஒரு பிரதியைப் பாதுகாத்த அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அரசியலமைப்பு காப்பது தலைவரின் பதவியை. கீழே வேலை செய்யும் எங்களைப் போன்றவர்கள் பொதுச் சேவைத் துறையின் ஊழியர்கள்தான், மாற்றலும் பதவி உயர்வும் அங்கிருந்துதான் வரும். இந்த இடம் இன்னும் பலப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்காய்வாளரால் யாரையும் தண்டிக்க முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சொல்ல முடியும், அவ்வளவுதான். சொன்னதைக் கையில் எடுப்பது பொதுக் கணக்குக் குழு. கடலோரப் போர்க்கப்பல் விவகாரம் நினைவிருக்கும்: ஆறு கப்பல்கள், சுமார் 9 பில்லியன் ரிங்கிட் ஒப்பந்தம், 6.08 பில்லியன் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பலும் வந்து சேரவில்லை என்று 2022 ஆகஸ்டில் அந்தக் குழு வெளியிட்ட அறிக்கைதான் நாட்டையே உலுக்கியது. அட்டவணைப்படி பார்த்தால் அதற்குள் ஐந்து கப்பல்கள் வந்திருக்க வேண்டும். அந்தப் பணம் ஒரு நிறுவனத்தின் வழியாகப் போனது. அரசாங்கப் பணம் தனி நிறுவனத்தின் கைக்கு மாறியதும் கணக்காய்வாளர் வாசலிலேயே நிற்க வேண்டிய நிலை நெடுங்காலம் பெரிய ஓட்டையாக இருந்தது. 2024 ஜூலையில் மக்களவை நிறைவேற்றிய சட்டத் திருத்தம், பொதுப் பணம் எங்கே போகிறதோ அங்கேயே தொடர்ந்து போய்ப் பார்க்க வழி செய்திருக்கிறது. அரசாங்க உத்தரவாதத்தில் நிதி பெறும் நிறுவனங்களும் இனி தப்ப முடியாது. நான் பணியில் இருந்த காலத்திலேயே வந்திருக்க வேண்டிய திருத்தம்.

சாதாரணக் குடிமகன் என்ன செய்யலாம்? நிறைய செய்யலாம். தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை இப்போது ஆண்டுக்குப் பல முறை வெளியாகிறது, துறையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மலாயில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள், பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்த மலாய் போதும். முழுதும் படிக்கத் தேவையில்லை. ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் சுருக்கம் இருக்கும், இறுதியில் பரிந்துரை இருக்கும். பரிந்துரையை மட்டும் குறித்துக்கொண்டு, அது நிறைவேறியதா என்று அடுத்த ஆண்டு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். கண்டுபிடிப்பதைவிடத் தொடர்ந்து கேட்பதுதான் கடினம், அதற்குத்தான் ஆள் குறைவு.

சுக்காய் பிந்து, அதாவது ஊராட்சிக்கான வீட்டு வரி, கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வழி. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி மாநகர் மன்றத்தின் முழுக் கூட்டத்துக்குப் பொதுமக்கள் போய் உட்காரலாம். பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டமும் இருக்கிறது. 2015 முதல் நடைமுறையில் உள்ளது. மாநில அரசு அமைப்புகளிடம் ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். புத்ராஜெயாவில் உள்ள கூட்டரசு அமைச்சுகளுக்கு அது செல்லாது. விண்ணப்பத்தில் "ஊழல் நடந்ததா?" என்று எழுதாதீர்கள், பதில் வராது. "இந்த மண்டபத்தின் ஒப்பந்தத் தொகை எவ்வளவு, வேலை நிறைவுச் சான்றிதழின் தேதி என்ன, காலநீட்டிப்பு எத்தனை?" என்று, ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தொகை, தேதி, பெயர் என்று கேட்டால் மழுப்புவது கடினம்.

எல்லாவற்றையும்விட அருகில் இருப்பது நம் தமிழ்ப்பள்ளிகள். பினாங்கு மாநிலத்தில் 28 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் செயலவையில் இல்லாத இரண்டு கணக்காய்வாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டம் முடியப் போகும் நேரம், பிள்ளைகள் பசி என்று அழும் நேரம், "ஆடிட்டர் ரெண்டு பேரு வேணும், யாராச்சும் கைய தூக்குங்க" என்று ஒலிபெருக்கியில் கேட்கும். பின்வரிசையில் யாரையாவது எழுப்பிவிடுவார்கள். ஓராண்டு கழித்து, கூட்டத்துக்கு முந்தின இரவு கணக்குப் புத்தகம் வரும், கையெழுத்துப் போடுவார்கள். இதை மாற்ற ஒரு கல்வித் தகுதியும் தேவையில்லை. கையைத் தூக்கி அந்தப் பொறுப்பை விரும்பி ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்; பொருளாளர் எழுதிய புத்தகத்தை அதன் பிறகு பாருங்கள். வாங்கிய பொருளை எல்லாம் ஒரு சனிக்கிழமை காலை பள்ளிக்குப் போய்க் கையால் தொட்டுப் பாருங்கள். ஸ்மார்ட் டிவி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், எந்த ஆசிரியர் எந்தப் பாடத்துக்குப் போடுகிறார் என்று ஒரு நான்காம் ஆண்டு பிள்ளையைக் கேளுங்கள். கையெழுத்துக்குக் கீழே நீங்கள் பார்த்ததை நாலு வரி எழுதி, கூட்டத்தில் வாசியுங்கள். நல்ல பொருளாளர்கள் இதை வரவேற்பார்கள். இப்படி வாசித்த ஒரு பள்ளியில், சுமந்த பழியிலிருந்து விடுபட்டேன் என்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொன்னவர் அந்தப் பள்ளியின் பொருளாளர்தான். ஆண்டுக் கணக்கில் அவர்மேல் வதந்தி இருந்தது, கணக்கோ அப்பழுக்கில்லாமல் இருந்தது.

அடுத்த பட்ஜெட் மாலையில் குழுவில் தொகை வந்ததும், போன ஆண்டுத் தொகையில் எவ்வளவு செலவானது, யார் கைக்குப் போனது, அதனால் யாருக்கு என்ன மாறியது என்று மூன்று வரி எழுதி உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். தேதி போட்டு அனுப்புங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் அந்த நகலோடு அவர்களுடைய சேவை மையத்துக்கே நேரில் போங்கள்.